ஹில்டா மைனியின் செல்கள்

தன் மார்பிலிருந்து வெட்டி எடுத்த கட்டியை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஹில்டா கேட்டபோது, ஆஸ்பத்திரியில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்லபடியாக ஆபரேஷன் முடிந்ததே பெரிய காரியம், அதைப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று நர்ஸ் கடிந்துகொண்டாள். கட்டிலுக்கு அருகே நின்ற நாத்தனார் கிரேசிக்கு மட்டும் அந்த ஆசை விளங்கியது.

"பொறுங்க மைனி. கொஞ்ச நாள்ல நானே காட்டுதேன்" என்று குனிந்து சொன்னாள்.

வெறும் ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. அந்தக் கட்டியின் ஒரு சிறு துண்டு, ஹில்டாவின் சம்மதத்தோடு, ஏற்கெனவே ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தான் அவளோடு ஆராய்ச்சி செய்யும் அபிலாஷ்.

கிரேசி தூத்துக்குடியில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அப்பா பெரியதாழைக்காரர். கடலுக்குப் போனவர், அவள் பள்ளியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். அண்ணன் ஜோன்ஸுக்கு மாலத்தீவுக்குக் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிப்போகும் தோணியில் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். அவன் கட்டிக்கொண்டு வந்த ஹில்டாதான் கிரேசியைக் கல்லூரியில் சேர்த்து, ஹாஸ்டலுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, மேலே படிக்கட்டும் என்று கணவனிடம் சண்டை போட்டவள். அம்மாவைவிட மைனியிடம்தான் கிரேசிக்கு ஒட்டுதல்.

அவள் ஆராய்ச்சி புற்றுநோய்ச் செல்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கிற வேலை. ஆய்வுக்கூடங்களில் பொதுவாகத் தட்டையான பிளாஸ்டிக் கிண்ணத்தில் செல்களை வளர்த்து, அதன்மேல் மருந்தை விட்டுப் பார்ப்பார்கள். உடம்புக்குள்ளே எந்தச் செல்லும் அப்படித் தரையில் படுத்துக் கிடப்பதில்லை. நாலாபக்கமும் இழைகள் பின்னிக்கிடக்கும் ஒரு கூட்டுக்குள் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. அதனால்தான் கிண்ணத்தில் சட்டென்று செத்துப்போகிற செல், உடம்புக்குள் அதே மருந்துக்கு மசிவதில்லை. உடம்பில் இருப்பதைப் போன்ற இழைக்கூட்டைக் கையால் செய்து, அதில் செல்களை வளர்த்துப் பார்த்தால் என்ன என்பதுதான் அவள் கேள்வி. பாலிமர் கரைசலை ஊசிமுனையில் ஏற்றி, உயர் மின்னழுத்தத்தில் இழுத்து, மயிரைவிடப் பலமடங்கு மெல்லிய இழையாக உருளைமேல் படியவிடுவாள். கடல்காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் இழை சீராக விழாது, மணிமணியாகக் கட்டிக்கொள்ளும். அன்றைக்கு உழைத்ததெல்லாம் குப்பைக்குத்தான். முத்துச்சிப்பி ஓட்டைச் சுட்டு, அதிலிருந்து எலும்பில் இருக்கிற அதே சுண்ணப்பொருளை நானோ துகளாகச் செய்து இழையில் கலந்தாள். மார்பகப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் எலும்பில் போய்த்தான் ஒட்டும். எலும்பு மாதிரி ஒரு கூடு கிடைத்தால் செல்கள் அங்கேயும் ஒட்டும் என்று நம்பினாள்.

கூடு அவளுடையது. அதில் செல்களைக் குடியேற்றிப் பராமரிக்கிற வேலை அபிலாஷுடையது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து வந்தவன்; கை சுத்தம், பேச்சில் அடக்கம். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இவள் டப்பாவில் மீன் இருந்தால் அவன் எடுத்துக்கொள்வான், அவன் வீட்டுக் கம்மஞ்சோற்றை இவள் எடுத்துக்கொள்வாள். ஹில்டாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டியிருந்தபோது, கேட்காமலே வந்து கையை நீட்டியவன் அபிலாஷ். ஜோன்ஸ் அப்போது மாலத்தீவில் இருந்தான். "அண்ணன் இல்லன்னா என்ன, நான் இருக்கேம்லா" என்று ஹில்டாவிடம் சொன்னான். அந்த வார்த்தையை ஹில்டா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

ஹில்டாவின் செல்கள் முதலில் மெதுவாகத்தான் ஒட்டின. இழைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு குமிழ்கள்போல் தெரிந்தன. நோயாளியிடமிருந்து நேரே எடுத்த செல் அப்படித்தான் இருக்கும், அவசரப்படாதே என்று வழிகாட்டிப் பேராசிரியர் அற்புதமணி சொன்னார். பனிமய மாதா கோயில் திருவிழா நெருங்கியபோது ஹில்டாவுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் கட்டி, மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. கிரேசி கூடவே தங்கிவிட்டாள். செல்களை நினைத்துத்தான் கலக்கமாக இருந்தது. அபிலாஷ் போனில், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மைனியை மட்டும் பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவள் திரும்பிப்போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. குமிழ்களாகக் கிடந்தவை இழையைப் பற்றிக்கொண்டு நீண்டு, ஒன்றோடொன்று நெருங்கி, கூடு முழுக்கப் பரவியிருந்தன. அபிலாஷின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அதில் எதுவும் வித்தியாசமாக இருந்ததாக அவளால் சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் வந்ததுண்டு. ஹில்டாவுக்கு இருந்தது ஹார்மோனை உண்டு வளர்கிற வகை, நிதானமாகப் பெருகுவது. இவையோ ஹார்மோன் இல்லாமலே மளமளவென்று வளர்ந்தன. அவனிடமே கேட்டாள். உன் இழையின் மகிமைதான், நானோ துகள் வேலை செய்கிறது என்றான். நாலு வருஷம் உழைத்தவளுக்கு அதைவிட இனிப்பான பதில் எது? அதற்குமேல் தோண்டவில்லை.

காயம் ஆறியதும் ஹில்டாவைக் கூட்டிவந்து காட்டினாள். புடவைக்குமேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் நெட் தொப்பியோடு, ஹில்டா வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து நின்றாள்.

"வலையில மாட்டுன மாதிரில்லா இருக்கு" என்றாள் மெதுவாக. பிறகு அதனிடமே பேச ஆரம்பித்தாள். என் பிள்ளைகள் இன்னும் படித்து முடிக்கவில்லை, என்னை அதற்குள் கொண்டுபோகப் பார்த்தாயே, நாசமாய்ப் போவாய் என்று மூச்சுவிடாமல் ஏசினாள். ஏசி முடித்ததும் முகம் தெளிந்திருந்தது. அபிலாஷ் அறையின் மூலையில் நின்று கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். போகும்போது அவன் கன்னத்தைத் தடவி, மாதா உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பின் கீமோ தொடங்கியது. சிவப்பு மருந்து ஏறிய நாளிலிருந்து ஹில்டாவின் வாய் புண்ணாகி, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. முடி கொட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மீன் வாடை பட்டாலே குமட்டுகிறது என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பாதியில், போதும், இனி ஊசிக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். டாக்டர் சொல்லியும் ஜோன்ஸ் போனில் அழுதும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம்தான் கிரேசி அதே சிவப்பு மருந்தை இழையில் வளர்ந்த செல்கள்மேல் விட்டுப் பார்த்திருந்தாள். சாயம் போட்டுப் பார்த்தபோது செத்தவை கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. ஓடிவந்து மைனியின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்த மருந்து உங்களதுமேல வேலை செய்யுது மைனி. நான் கண்ணால பாத்தேன்."

ஹில்டா திரும்பிப் பார்த்தாள். "என்னுதுமேலயா? நெசமா?"

"நெசமா."

மறுவாரம் ஹில்டா ஊசிக்குப் போனாள். மீதி இருந்த அத்தனை சுற்றையும் போட்டுக்கொண்டாள். கஷ்டம் கூடும்போதெல்லாம், அங்கே அது சாகிறதை என் நாத்தனார் கண்ணால் பார்த்திருக்கிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரிகளிடம் சொல்வாளாம்.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. நோயாளியின் சொந்தச் செல்கள் நானோ துகள் கலந்த இழைக்கூட்டில் இவ்வளவு செழிப்பாக வளர்வது அரிது என்று பலரும் எழுதினார்கள். கல்லூரி வாசலில் பேராசிரியர், கிரேசி, அபிலாஷ் மூவர் படத்தோடும் பேனர் வைத்தார்கள். அபிலாஷுக்குக் கொரியாவில் மேலாய்வுக்கு இடம் கிடைத்தது. கிரேசி தன் ஆய்வேட்டை எழுதத் தொடங்கினாள்.

சென்னையில் ஓர் ஆய்வு மையம் அந்தச் செல்களைக் கேட்டதில்தான் எல்லாம் புரண்டது. வாங்குமுன், செல்களின் மரபணு அடையாளத்தை நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். எல்லா இடத்திலும் உள்ள நடைமுறைதான். பேராசிரியர் ஊரில் இல்லை, அபிலாஷ் விசா வேலையாக அலைந்துகொண்டிருந்தான். இதற்கெல்லாம் அவர்களைக் கேட்க என்ன இருக்கிறது என்று கிரேசியே ஹில்டாவிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, செல்களோடு அனுப்பிவைத்தாள்.

சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். குரலில் தயக்கம். மாதிரியை மாற்றி அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லையே என்றாள் கிரேசி. அனுப்பிய செல்களுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றாள் அந்தப் பெண். அதோடு அந்தச் செல்கள் யாருடையவை என்றும் தெரிந்துவிட்டதாம். பல்லாண்டுகளுக்கு முன்பு வெளிநாட்டில் இறந்துபோன ஒரு பெண்ணுடையவை. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் விலைக்கு வாங்கி வளர்ப்பவை, எந்தக் கிண்ணத்தில் விட்டாலும் மளமளவென்று பெருகுபவை. இவர்கள் ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியிலும் கை பழகுவதற்காக அவை இருந்தன.

தவறுதலாகக் கலந்திருக்கும் என்றுதான் கிரேசி முதலில் நினைத்தாள். அப்படி நடப்பது உண்டு, ஒரு துளி சிந்தினால் போதும். அபிலாஷைத் தேடிப்போனாள். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றான். விஷயத்தைச் சொன்னாள். கலந்துபோச்சா என்று அவன் கேட்பான் என எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. முகம் வெளுத்து, யாரிடம் கொடுத்து டெஸ்ட் பண்ணினாய் என்றுதான் கேட்டான்.

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

திருவிழா விடுமுறையில் அவன் ஊருக்குப் போயிருந்தானாம். தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நடுவில் கல்லூரியில் கரண்ட் போய், ஜெனரேட்டர் போட ஆள் இல்லாமல், செல்கள் இருந்த இன்குபேட்டர் ஆறிப்போயிற்று. திரும்பி வந்தபோது ஹில்டாவின் செல்கள் அத்தனையும் இழையைவிட்டுக் கழன்று செத்து மிதந்தன. கிரேசி மைனியோடு ஆஸ்பத்திரியில் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று உறைபெட்டியிலிருந்த செல்களை எடுத்து இவள் கூட்டில் விட்டுவைத்தான். வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தானாம்.

"நீ அவ்வளவு சந்தோசமா இருந்த கிரேசி. வாய் வரல."

"மைனி வந்து பாத்தப்பவும் வரலயா?"

 அவன், தான் மட்டும் குற்றவாளியில்லை என்பதுபோல, "சாருக்கும் தெரியும்" என்றான்.

பேராசிரியருக்குக் கட்டுரை எழுதும்போதே சந்தேகம் தட்டியிருக்கிறது. அபிலாஷைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவனும் சொல்லிவிட்டான். கிரேசிக்குத் தெரிய வேண்டாம், அவள் மனசு உடைந்துவிடும் என்று சொன்னவர் அவர்தானாம். அப்படியானால் கட்டுரை வந்த நாளில் மூவரும் ஒரே மேசையில் பிரியாணி சாப்பிட்டபோது, தெரியாதவள் இவள் ஒருத்திதான். அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான். செல்கள் செத்ததை அவள் மன்னித்திருப்பாள். கரண்ட் போனதற்கு அவன் என்ன செய்வான்? தன் முன்னாலேயே இருவர் கண்ஜாடையில் பேசிக்கொண்டிருந்த அத்தனை மாதத்தையும், ஒவ்வொரு நாளாக எடுத்து, இது பொய், இதுவும் பொய் என்று மறுபடி வாழவேண்டியிருந்தது.

பேராசிரியர் ஊரிலிருந்து வந்ததும் அவளை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். இழைக்கூடு நிஜம்தானே, அளந்ததெல்லாம் நிஜம்தானே, நோயாளியின் செல் என்கிற ஒரு வரியை மட்டும் திருத்தி இதழுக்கு எழுதிவிடலாம், சின்னத் தவறு என்று சொல்லிவிடலாம், உன் பட்டமும் கெடாது என்றார். அவர் கெட்டவர் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு முதன்முதலில் ஆராய்ச்சியில் இடம் கொடுத்தவர், சொந்த மகளைப்போல நடத்தியவர்.

"மைனிகிட்ட எந்த வரியைத் திருத்துறது சார்?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நோயாளியிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கக்கூடாது, அது உன் தப்பு என்றார். அதில் உண்மை இருந்தது. அதனாலேயே கூடுதலாக வலித்தது.

ஹில்டாவுக்கு அப்போது முடி மறுபடி அரும்பத் தொடங்கியிருந்தது. வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கிரேசி எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஹில்டாவின் கை நின்றுபோயிற்று.

"அப்ப நான் ஏசுனது யாரை?"

"வேற யாரோ ஒரு பொம்பள மைனி. செத்து ரொம்ப வருசம் ஆச்சு."

"மருந்து வேலை செய்யுதுன்னு சொன்னியே, அது?"

"அவளதுமேல."

ஹில்டா மறுபடி ஒரு நெத்திலியை எடுத்து ஆய்ந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தாள் கிரேசி. அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்ளா" என்றாள் ஹில்டா கடைசியில். "ஆனா நான் நம்பிக் கெடந்தது பொய்யாப் போச்சே. அந்த நாளெல்லாம் என்ன செய்யச் சொல்லுத?"

எழுந்து, ஆய்ந்த மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கிரேசியிடம் சொல்லாமல் ஹில்டா கல்லூரிக்குப் போனாள். நேரே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து அபிலாஷின் முன் நின்றாள். பக்கத்து மேசையில் இருந்த கிரேசி பதறி எழுந்ததை அவள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"என்னோடதை எங்க தம்பி போட்ட?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, மஞ்சள் பையில் என்றான். ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிக்கப் போகும் பை.

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? செத்துப்போச்சு அக்கான்னா, போகட்டும்னு சொல்லியிருப்பேன். என் உடம்புக்குள்ள உன் ரத்தம் ஓடுதுன்னு ஊரெல்லாம் சொன்னேம்லா."

அவன் காலில் விழப் போனான். அவள் ஒதுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். சத்தம் கேட்டு வந்த பேராசிரியர் ஏதோ ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். அவள் நின்று கேட்கவில்லை. கிரேசி பின்னால் ஓடி, பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் போய் நின்றாள். பஸ் வந்தது. ஹில்டா ஏறி, ஆள் இருந்த ஸீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள். கிரேசிக்கு இடமில்லை.

அன்று மாலையே கிரேசி இதழுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மாதங்கள் ஆயின. பேனரை யார் எப்போது கழற்றினார்கள் என்று தெரியாது. பேராசிரியர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், மற்றவர்களும் மெல்ல ஒதுங்கினார்கள். ஆய்வுக்கூடத்தின் பெயரைக் கெடுத்தவள் என்று அவள் காதுபடவே பேச்சு. அபிலாஷ் கொரியாவுக்குப் போய்விட்டான். கல்லூரி நடத்திய விசாரணையில் அவன் மேல் பெரிதாக எதுவும் வரவில்லை.

வேறொரு வழிகாட்டியின்கீழ் மாறி, செல்கள் பற்றிய பகுதி முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு, இழையைப் பற்றி மட்டும் எழுதி, வெகு தாமதமாகப் பட்டம் வாங்கினாள். மனித உடம்பிலிருந்து நேரே வந்த செல் அவள் கூட்டில் வாழுமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வேட்டில் பதில் இல்லை. பிறகு திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதே கேள்வியை முதலிலிருந்து தொடங்கினாள். சதைத் துண்டு கொடுக்கும் பெண்களிடம் இது உங்கள் சிகிச்சைக்கு உதவாது, செல் செத்துப்போகவும் கூடும், செத்தால் வந்து சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். பெரும்பாலும் செத்துத்தான் போகின்றன. போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள். பிழைத்திருக்கும் ஒன்றிரண்டும் மெதுவாகத்தான் வளர்கின்றன. கிண்ணங்களை யாரை நம்பியும் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வருவதில்லை. உடன் வேலை செய்பவர்கள் அதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஹில்டா நன்றாக இருக்கிறாள். சிவப்பு மருந்து அவள் உடம்பில் என்ன செய்ததோ, செக்கப்பில் இதுவரை எதுவும் தென்படவில்லை. கிரேசி ஊருக்கு வந்தால் சோறு போடுகிறாள், பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுகிறாள். செக்கப்புக்கு மட்டும் தனியாகப் போய்வருகிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், நல்லாருக்குன்னார் என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறாள். முன்பெல்லாம் டாக்டர் சொன்னதை வரிவரியாகச் சொல்லி, அப்படின்னா என்னளா என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை.

போன கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள், கிரேசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டிக்கு நிற்கும்போது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அபிலாஷ். ஊருக்கு வந்திருக்கிறானாம், மைனி எப்படியிருக்கிறார்கள் என்றான். நல்லாயிருக்காங்க என்றாள். உன் இழையில்தான் அங்கேயும் வேலை செய்கிறோம், எல்லோரும் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள் என்றான். அவள் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கோவம் போகலயா கிரேசி?"

"கோவமெல்லாம் இல்ல. நீ பேசுதத கேட்டா, இதுல எது நெசம்னு பிரிச்சுப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. அதுக்கு எனக்குத் தெம்பில்ல" என்றாள்.

போனை அணைத்தாள். வண்டி வந்து நின்றதும் கூட்டத்தோடு ஏறி, ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.